பேர் லாஷேஸ்: பெயர் வாங்கிய மண்

1

பாரிஸின் கிழக்கே ஒரு மேட்டுச் சரிவில் 44 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிற இடுகாட்டுக்கு அரசாங்கத் தஸ்தாவேஜுகளில் ‘கிழக்குக் கல்லறைத் தோட்டம்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாரும் வழி சொல்லமாட்டார்கள். பேர் லாஷேஸ் என்றால் தெரியும். பதினான்காம் லூயி மன்னனின் பாவங்களைக் காதில் வாங்கி மன்னித்துவந்த ஏசுசபைப் பாதிரியாரின் பெயர் அது. இந்த மேடு அவர் காலத்தில் சபையாரின் ஓய்வு இல்லமாக இருந்தது. 1709இல் அவர் இறந்தார். அவருடைய உடல் இங்கே இல்லை.

இல்லாத ஒருவர் பெயரால் அழைக்கப்படும் இந்த இடத்தில், இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. இன்று காணக்கிடைப்பவை 70,000 சொச்சம் கல்லறைகள். இரண்டு நூற்றாண்டுகளில் இந்த மண்ணுக்குள் போனவர்களின் தொகை அதைப்போலப் பல மடங்கு. ‘பேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தந்தை, பாதிரியார் என்று பொருள். தமிழ்க் காதில் அது வேறு விதமாக விழுவது தற்செயல்தான். ஆனாலும் இந்த இடுகாட்டின் சரித்திரத்தை அந்தத் தற்செயலை வைத்தே படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சுற்றுலாக் கையேடுகள் இதை மேதைகள் உறங்கும் இடம் என்கின்றன. ஐரோப்பிய இலக்கியத்தை மொழிபெயர்ப்புகளில் படித்து வளர்ந்த நமக்கும் அப்படித்தான் பழக்கம். உண்மையில் இது, ஒருவனுடைய பெயர் அவன் செத்தபிறகு எப்படி வாங்கப்படுகிறது, எவ்வளவு காலம் செல்லுபடியாகிறது என்பதை ஒரு நகரம் சட்டம் போட்டு, கணக்கு எழுதி, கல்லில் செதுக்கிவைத்த இடம்.

2

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாரிஸ் தன் பிணங்களை ஊர் நடுவிலேயே வைத்துக்கொண்டிருந்தது. பிரதானச் சந்தைக்கு அடுத்தாற்போல இருந்தது இன்னோசான் இடுகாடு. அறுநூறு வருஷங்களுக்கு மேல் புழக்கத்தில் இருந்த மண். வசதி உள்ளவர்கள் தேவாலயத்துக்குள், பலிபீடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், இடம் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குப் பொதுக் குழி. குழி நிறையும்வரை மூடப்படாது. சில வருஷங்கள் கழித்துத் தோண்டி, எலும்புகளைச் சுற்றுமண்டபத்தின் பரணில் அடுக்குவார்கள். அந்தப் பரணுக்குக் கீழேயே கடைகள் இருந்தன. எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

1424-25இல் அந்த மண்டபச் சுவரில் மரண நடனத்தைத் தீட்டினார்கள். போப்பாண்டவர், சக்கரவர்த்தி, கார்டினல், அரசன், வியாபாரி, உழவன், குழந்தை என்று ஒவ்வொருவர் கையையும் ஒரு பிணம் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அதில் வரிசை இருக்கிறது, அந்தஸ்து இருக்கிறது. ஒருவருக்கும் பெயர் இல்லை. மத்தியகாலத்து மனம் மரணத்தை அப்படித்தான் பார்த்தது. சாகிறவன் ஒரு ஸ்தானத்தில் இருந்தவன், தனியொருவன் அல்ல. தெருவை அகலப்படுத்துவதற்காக அந்தச் சுவரை 1669இல் இடித்துவிட்டார்கள்.

1780இல் பக்கத்துத் தெரு வீடு ஒன்றின் நிலவறைச் சுவர், குழியின் பாரம் தாங்காமல் உடைந்தது. பிணங்கள் வீட்டுக்குள் சரிந்தன. இடுகாடு மூடப்பட்டது. 1785இன் கடைசியில் தொடங்கி எலும்புகளை வண்டிகளில் ஏற்றி, இரவு நேரங்களில், பாதிரியார்கள் பாடிக்கொண்டு கூடவர, நகரத்தின் தெற்கே கைவிடப்பட்ட கல்வெட்டுச் சுரங்கங்களில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பாதாளக் கல்லறை அதுதான். மண்டையோடுகளை அழகாகச் சித்திரவேலைபோல் அடுக்கியிருக்கிறார்கள். எது யாருடையது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இந்த மாற்றத்துக்குக் காரணம் பக்தியும் அல்ல, சமத்துவமும் அல்ல. மூக்கு. பிணவாடை காற்றைக் கெடுத்து நோய் பரப்புகிறது, பக்கத்து வீடுகளில் பால் திரிகிறது என்று வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. செத்தவர்களை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எங்கே, எப்படி என்பதுதான் பாக்கி. நடுவில் புரட்சி வந்தது. கில்லட்டின் தன் பங்குக்குப் புதிய பொதுக் குழிகளை நிரப்பியது.

3

நெப்போலியன் சக்கரவர்த்தியாக அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள், 1804 மே 21 அன்று, பேர் லாஷேஸ் திறக்கப்பட்டது. இடத்தை வாங்கியவர் நிர்வாகத் தலைவர் ஃப்ரொஷோ. திட்டமிட்டவர் ப்ரோன்யார் என்ற கட்டடக் கலைஞர். நேர்கோட்டுச் சாலைகளும் வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதைகளும் மரங்களும் பச்சையுமாக, ஆங்கிலேயத் தோட்டத்தின் சாயலில் ஓர் இடுகாடு. இதே ப்ரோன்யார்தான் சில வருஷங்கள் கழித்துப் பாரிஸின் பங்குச் சந்தைக் கட்டடத்தையும் வடிவமைத்தார். கட்டி முடிவதற்குள், 1813இல், இறந்துபோய்த் தன் தோட்டத்துக்கே வந்துசேர்ந்தார்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 12 அன்று, வந்த அரசாணை இடுகாட்டைவிட முக்கியமானது. தேவாலயத்துக்குள்ளோ ஊருக்குள்ளோ புதைக்கக்கூடாது. ஒவ்வொரு உடலுக்கும் தனிக் குழி. ஆழம் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர். ஐந்து வருஷம் கழித்துத்தான் அந்தக் குழியை மறுபடி தோண்டலாம். காகிதத்தில் பார்த்தால் இது பெரிய புரட்சி. மனிதனுக்கு மரணத்தில் முதன்முதலாகத் தனி இடம் கிடைக்கிறது. ஆனால் அதே ஆணையில் இன்னொரு பிரிவு இருக்கிறது: தனக்கும் தன் சந்ததிக்கும் சொந்தமாக இடம் வேண்டுகிறவர்கள் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் நன்கொடையும், அதற்குமேல் நகரத்துக்கு ஒரு தொகையும் தந்தால் கொடுக்கலாம். அதாவது ஐந்து வருஷம் எல்லோருக்கும்; அதற்குமேல் விலைக்கு. முதல் பாதியைப் பாரிஸ் நெடுங்காலம் ஒழுங்காக நிறைவேற்றவில்லை. ஏழைகள் நீண்ட பள்ளங்களில் அடுத்தடுத்துக் கிடத்தப்பட்டார்கள். இரண்டாம் பாதி மட்டும் பிசகாமல் நடந்தது.

ஆனால் வாங்குவதற்கு ஆள் வரவில்லை. முதலில் புதைக்கப்பட்டவள் ஐந்து வயதுச் சிறுமி. அந்த வருஷம் மொத்தம் 13 பேர், அடுத்த வருஷம் 44 பேர் என்பது கணக்கு. ஊருக்கு வெளியே, மேட்டில், இத்தனை தூரத்தில் யார் போய்ப் படுப்பது? 1817இல் நிர்வாகத்துக்கு ஒரு யோசனை கைகொடுத்தது. மோலியேரின் எலும்புகள், லா ஃபோன்தேனின் எலும்புகள் என்று சொல்லப்பட்டவற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டுக் காதலர்கள் அபெலாரையும் எலோயீஸையும் ஒரு கோதிக் மண்டபத்தின் கீழ்ச் சேர்த்துக் கிடத்தினார்கள். அந்த மண்டபமே, புரட்சிக் காலத்தில் இடிந்த மடாலயங்களின் துண்டுகளை ஒட்டவைத்து ஓர் அருங்காட்சியகத்துக்காகச் செய்தது. மோலியேரின் எலும்புகள் மோலியேருடையவைதாமா என்பது அன்றே சந்தேகம். 1673இல் அவர் இறந்தபோது, நடிகன் என்பதால் அவரைப் புனித மண்ணில் புதைக்கத் திருச்சபை மறுத்தது. மன்னன் தலையிட்ட பிறகு இரவு நேரத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த மனிதரின் பெயர், அல்லது அவர் பெயரில் ஏதோ ஒருவரின் எலும்பு, மனை விற்பதற்கு விளம்பரமானது. 1830க்குள் 33,000 கல்லறைகள் எழும்பிவிட்டன.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. மரபு என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, அது உருவாகும் விதத்துக்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். மேதைகள் இருந்ததால் அந்த இடம் புனிதமாகவில்லை. இடத்துக்குப் புனிதம் தேவைப்பட்டது. அதற்காக மேதைகளைத் தருவித்தார்கள். பிறகு வந்த தலைமுறை, அவர்கள் எப்போதுமே அங்கே இருந்ததாக நம்பிக்கொண்டது.

4

வாங்கியவர்களையும் வாங்க முடியாதவர்களையும் சேர்த்துப் பார்த்த முதல் பெரிய எழுத்தாளன் பால்ஸாக். 1835இல் முடிந்த ‘கிழவர் கோரியோ’ நாவல் இந்த மேட்டில்தான் முடிகிறது. மகள்களுக்காக எல்லாவற்றையும் இழந்த கிழவனைப் புதைக்கிறார்கள். மகள்கள் வரவில்லை. மருமகன்களின் கோச்சு வண்டிகள், குலச்சின்னம் தீட்டியவை, ஆளில்லாமல் வந்து நிற்கின்றன. குழி வெட்டியவன் இனாம் கேட்கிறான். ராஸ்தினியாக்கின் பையில் ஒன்றும் இல்லை. விடுதி வேலைக்காரனிடம் இருபது ஸூ கடன் வாங்கிக் கொடுக்கிறான். அதன்பிறகுதான், எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தக் கட்டம்: இளைஞன் மேட்டின் உச்சியில் நின்று விளக்குகள் எரியத் தொடங்கும் பாரிஸைப் பார்த்துச் சவால் விடுகிறான்.

விமர்சகர்களுக்கு அந்தச் சவால் போதுமானதாக இருக்கிறது. எனக்கு அந்த இருபது ஸூதான் பெரிதாகப் படுகிறது. பால்ஸாக் தன் காலத்து நகரத்தைப் பற்றிச் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கடனில் அடங்கிவிடுகிறது. 1850இல் அவரே இங்கே வந்துசேர்ந்தபோது விக்டர் ஹ்யூகோ குழியருகில் நின்று பேசினார். ஐந்து வருஷம் கழித்து, 1855 ஜனவரிக் குளிரில், ஒரு சந்தில் தூக்கில் தொங்கிய நெர்வாலை எதிர்ப்புறத்தில் புதைத்தார்கள். கடனில் மூழ்கிப் பெரும்புகழ் எய்தியவனும், அறை வாடகைக்கு வழியில்லாத கவியும் பாதையின் இரு பக்கங்களில் இருக்கிறார்கள்.

5

1871 மே மாதத்தின் கடைசி வாரம். பாரிஸ் கம்யூன் வீழ்ந்துகொண்டிருந்தது. 27ஆம் தேதி மாலை வெர்ஸேய் அரசாங்கத்தின் துருப்புகள் இடுகாட்டுக்குள் நுழைந்தன. கல்லறைகளுக்கிடையே கைகலப்பாகச் சண்டை நடந்தது. மறுநாள், பிடிபட்ட 147 தேசியக் காவல்படையினரைக் கிழக்குச் சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள். சுவர் அடியிலேயே பள்ளம் வெட்டித் தள்ளினார்கள். நகரத்தின் மற்ற இடங்களில் விழுந்த பிணங்களும் அங்கே வந்துசேர்ந்தன. 1804இன் ஆணை ஒழித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்ட பொதுக் குழி, அந்த ஆணையின் தலைசிறந்த சிருஷ்டியான தோட்டத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

அந்த ஒரு வாரத்தில் செத்தவர்கள் எத்தனை பேர்? 20,000 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ராபர்ட் டூம்ஸ் என்ற சரித்திராசிரியர் இடுகாட்டுப் பதிவேடுகளைப் பார்த்து 2012இல் ஏறக்குறைய 6,000-7,500 என்று குறைத்தார். சர்ச்சை ஓயவில்லை. பெயர் எழுதப்படாதவர்களை எண்ணக்கூட முடிவதில்லை என்பதுதான் இந்தச் சர்ச்சையின் சாரம். கூட்டியும் குறைத்தும் சொல்லலாம். ஆட்சேபிக்க எந்தக் கல்லும் எழுந்து நிற்காது.

1880 மே மாதம், பொதுமன்னிப்பு வருவதற்கு முன்பே, ஆட்கள் ஊர்வலமாக அந்தச் சுவருக்கு வந்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் வருகிறார்கள். 1936இல் மக்கள் முன்னணி வென்ற சமயம் லட்சக்கணக்கில் வந்தார்கள். சுவரில் 1908இல் ஒரு பலகை வைத்தார்கள். கம்யூனில் இறந்தவர்களுக்கு என்ற சமர்ப்பணமும் ‘21-28 மே 1871’ என்ற தேதியும் மட்டும்தான் அதில் உண்டு. பெயர்ப் பட்டியல் இல்லை. சர்வதேசிய கீதம் எழுதிய பொத்தியேவை 1887இல் இந்த இடுகாட்டில்தான் புதைத்தார்கள். மார்க்ஸின் மகள் லாராவும் அவள் கணவர் லஃபார்க்கும் 1911இல் சேர்ந்து தற்கொலை செய்துகொண்டபோது சுவருக்கு எதிரே இடம் கிடைத்தது. அந்தச் சவ அடக்கத்தில் பேசியவர்களில் லெனினும் ஒருவர்.

இடுகாட்டின் வெளிமதிலில், பொதுப் பூங்காவின் பக்கம், இன்னொரு சிற்பம் இருக்கிறது. கைகளை விரித்து நிற்கும் பெண். பின்னால் கல்லிலிருந்து வெளிப்படும் முகங்கள். 1909இல் மொரோ-வோத்தியே செய்தது. ‘புரட்சிகளில் பலியானோருக்கு’ என்று பொதுப்படையான சமர்ப்பணம். பலர் இதைத்தான் அந்தச் சுவர் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உண்மையான சுவர் வெறும் சுவர். கலை ஒரு நிகழ்ச்சியை மறைத்துக்கொண்டு அதன் இடத்தில் தான் நின்றுவிடுவது எப்படி என்பதற்கு இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

கம்யூனை நசுக்கிய அரசாங்கத்தின் தலைவர் தியேரும் இங்கேதான் இருக்கிறார். 1877இல் இறந்தார். அவருக்கு மேட்டின் மேல் ஒரு கோயில் அளவுக்குக் கட்டடம். இடுகாட்டிலேயே மிகப் பெரிய நினைவுச் சின்னங்களில் ஒன்று. அதைத் தேடிக்கொண்டு ஊர்வலம் வருவதில்லை.

6

1857இல் இந்த இடுகாட்டின் ஒரு மூலையில் முஸ்லிம்களுக்குத் தனியிடம் ஒதுக்கி, சிறு மசூதியும் கட்டினார்கள். மசூதி பின்னால் இடிக்கப்பட்டது. 1881இல் இடுகாடுகளில் மதவாரியான பிரிவினை கூடாது என்று சட்டம் வந்ததும் யூதர் பகுதியின் சுவரும் போயிற்று. அந்த முஸ்லிம் பகுதிக்கு ஆரம்பத்திலேயே வந்தவர்களில் ஒருத்தி, லக்னோவின் ராஜமாதா மலிகா கிஷ்வர்.

1856இல் ஆங்கிலேயர் அவதை இணைத்துக்கொண்டு வாஜித் அலி ஷாவைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதும், அவருடைய தாய் கடல் கடந்து லண்டன் போனார். ராணிக்கு ராணியாக விக்டோரியாவிடம் நியாயம் கேட்பது அவர் எண்ணம். 1857 ஜூலையில் சந்திப்பு நடந்தது. அதற்குள் வட இந்தியாவில் கலகம் மூண்டுவிட்டது. மனு செத்துவிட்டது. திரும்பும் வழியில், 1858 ஜனவரியில், பாரிஸில் இறந்தார். கூட வந்திருந்த இளைய மகன் அடுத்த மாதம் லண்டனில் இறந்து, தாயின் அருகிலேயே கொண்டுவந்து புதைக்கப்பட்டான்.

அங்கே இருப்பது எழுத்தில்லாத கல்மேடை. நாடு போனதும், வாரிசுகள் கடல் தாண்டி வர வழியில்லாததும் அந்த மொட்டைக் கல்லில் இருக்கின்றன. ராஜ்ஜியம் இருந்தவளுக்கும் பெயர் இல்லை, சுவரடியில் கிடக்கும் செருப்புத் தைத்தவனுக்கும் பெயர் இல்லை. ஆனால் இரண்டு பெயரின்மையும் ஒன்றல்ல. அவனுக்காக வருஷந்தோறும் யாரோ வருகிறார்கள்.

7

எழுத்தாளர்களிடம் வருவோம். ஆஸ்கார் வைல்ட் 1900இல் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் இறந்தபோது, நகருக்கு வெளியே பாஞ்யோ இடுகாட்டில் மலிவான இடம்தான் கிடைத்தது. 1895இல் வழக்கு நடந்தபோது, ஓடிக்கொண்டிருந்த அவருடைய நாடகங்களின் விளம்பரத்திலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். பெயர் இல்லாமல் நாடகம் ஓடியது. நண்பர் ராபர்ட் ராஸ் வருஷக்கணக்கில் உழைத்துக் கடன்களைத் தீர்த்து, 1909இல் அவரை பேர் லாஷேஸுக்குக் கொண்டுவந்தார். எப்ஸ்டீன் செதுக்கிய, சிறகு பின்னோக்கிப் பாயும் தேவதையை நிறுவியதும் அதன் ஆண்குறியை மூடும்படி அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். திறப்பு 1914 வரை தள்ளிப்போயிற்று. 1961இல் யாரோ அந்த உறுப்பை உடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு வந்த தலைமுறை உதட்டுச் சாயத்தோடு கல்லை முத்தமிட்டு அரித்தது. 2011இல் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். வெறுப்பும் கல்லைத் தின்றது, பிரியமும் தின்றது.

அப்போலினேருக்கு நேர்ந்தது வேறு. 1918 நவம்பரில் விஷக்காய்ச்சலில் அவர் இறந்தபின், கல்லறைக்குச் சின்னம் செய்யும் பொறுப்பைப் பிக்காஸோவிடம் கொடுத்தார்கள். நவீன ஓவியத்துக்காக வாதாடிய கவிக்கு, நவீன ஓவியத்தின் தலைமகன் செய்யும் சின்னம். 1920களின் இறுதியில் அவர் கம்பிகளால் வெற்றுவெளியை வரைந்து மாதிரிகள் தந்தபோது குழு ஏற்கவில்லை. குழுவில் இருந்தவர்கள் பழமைவாதிகள் அல்ல; கவியின் நண்பர்கள்தாம். கடைசியில் செர்ஜ் ஃபெரா என்ற ஓவியரின் நெட்டுக்கல்தான் அங்கே நின்றது. புதுமையை வாழ்நாளெல்லாம் ஆதரித்தவர்கள்கூட, கல்லறை என்று வந்ததும் அடையாளம் தெரிகிற கல்லைக் கேட்கிறார்கள். நம் குழுக்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ப்ரூஸ்ட் தன் தகப்பனாரோடு ஒரே கறுப்புக் கல்லின் கீழ் இருக்கிறார். தகப்பனார் அத்ரியேன் ப்ரூஸ்ட், காலராவைத் தடுக்கும் முறைகளுக்குப் பேர்போன சுகாதார நிபுணர். பிணங்களை ஊரைவிட்டு விரட்டிய சிந்தனையின் வாரிசும், இறந்துபோன காலத்தை ஊருக்குள் திரும்ப அழைத்துவந்த மகனும் ஒரே குழியில். கெர்ட்ரூட் ஸ்டைனின் கல்லுக்குப் பின்புறத்தில் ஆலிஸ் டோக்லஸின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. சுற்றிப்போய்ப் பார்க்காதவர்களுக்கு அது தெரியாது.

1951இல் இங்கே வந்தவர் ஈரானிய எழுத்தாளர் சாதிக் ஹிதாயத். பாரிஸில் வாடகை அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டு இறந்தவர். அவருடைய ‘குருட்டு ஆந்தை’ முதலில் வெளிவந்த இடம் பம்பாய். 1930களின் நடுவில் அங்கே வந்து தங்கியிருந்தபோது, கையெழுத்திலேயே நகலெடுத்து, ஏறக்குறைய ஐம்பது பிரதிகள் போட்டார். ஈரானில் விற்பனைக்கல்ல என்று குறிப்பும் சேர்த்தார். நூற்றுச் சொச்சம் பேருக்காகப் பத்திரிகை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த ஐம்பது என்ற எண் எதையாவது சொல்லக்கூடும்.

8

விலை கொடுத்து வாங்கிய நிரந்தரம் எவ்வளவு காலம்? பிரான்ஸில் 1924இல் ஒரு சட்டம் வந்தது. நிரந்தர உரிமை வாங்கிய கல்லறையாகவே இருந்தாலும், நீண்ட காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தால், அறிவிப்பு ஒட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து, நகரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எலும்புகள் பொது எலும்பறைக்குப் போகும். இடம் இன்னொருவருக்கு விற்கப்படும். பார்த்தலோமே 1899இல் செய்து முடித்த ‘இறந்தவர்களுக்கு’ என்ற பெரிய சிற்பம் பிரதான வாசலுக்கு நேரே இருக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் இருண்ட கதவுக்குள் நுழைகிறார்கள். அந்தச் சிற்பத்துக்குப் பின்னால்தான் எலும்பறை இருக்கிறது. இன்னோசானின் பரண், நூறு வருஷம் சுற்றி, கலையின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது.

2025 இறுதியில் பாரிஸ் நகரசபை ஒரு குலுக்கலை அறிவித்தது. பேர் லாஷேஸில் 10, இன்னும் இரண்டு பழைய இடுகாடுகளில் பத்துப் பத்து, ஆக 30 கைவிடப்பட்ட கல்லறைச் சின்னங்கள். ஒவ்வொன்றின் விலை 4,000 யூரோ. சீட்டு விழுந்தவர் அதைத் தன் செலவில் பழுதுபார்த்துக் கொடுத்தால், பக்கத்தில் தனக்கு ஓர் இடம் வாங்கிக்கொள்ளலாம். வேறொருவனின் கல்லைத் துடைத்துவைத்தால் உனக்கு இடம்.

நகரசபை பொருளாதாரக் காரணத்துக்காகச் செய்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1804இல் விற்றது நிரந்தரம் என்ற வார்த்தை. அந்த வார்த்தை பொய் என்று 1924இலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். யாராவது வந்து பாசியைச் சுரண்டுகிறவரையில்தான் கல்லுக்கு எழுத்து உண்டு. தியேரின் கோயில் யாரும் வராவிட்டாலும் நிற்கும். சுவருக்குப் பூ வைப்பது அப்படி அல்ல, அதற்கு ஒருவன் மே மாதத்தில் தானாக மேடேறி வரவேண்டும். இலக்கியத்தில் மரபு என்ற பேச்சும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: மேதைகளின் எலும்புகளைத் தருவித்து நம் மனையின் விலையை ஏற்றிக்கொள்வது, அல்லது மறந்துபோன ஒருவனின் கல்லைச் செலவு செய்து துடைப்பது. முதலாவதற்கு ஸ்தாபனங்கள் இருக்கின்றன, விழாக் குழுக்கள் இருக்கின்றன. இரண்டாவதைச் செய்ய, ஐம்பது பிரதி போடுகிறவனும் அதைப் படிக்கிற ஐம்பது பேரும்தான் இருக்கிறார்கள். அந்த வேலையில் கூலி கிடையாது. குழி வெட்டியவனுக்குக் கொடுக்க, சமயத்தில், பக்கத்தில் நிற்பவனிடம் இருபது ஸூ கடன்கூட வாங்க நேரலாம்.